வைத்தியசாலையிற் கற்க வந்தோர்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள பேரூர்களுள் இணுவிலும் ஒன்று. செம்மண் தோட்டங்களாலும், பரராசசேகரப் பிள்ளையார் கோயில், கந்தசுவாமி கோயில் முதலிய திருத்தலங்களாலும், நாதசுர தவில் இசை மரபாலும் பெயர்பெற்ற இவ்வூர், ஈழநாட்டு மருத்துவ வரலாற்றிலும் தனக்கென ஓர் இடம் பெற்றுள்ளது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மக்லியொட் வைத்தியசாலை இங்கேயே உள்ளது. இதற்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள மானிப்பாயில், அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னரே, மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கும் ஒரு வைத்தியசாலை தொடங்கிவிட்டது. இவ்விரு ஊர்களின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குங்கால், இன்றும் தீராத ஒரு வினா எழுகின்றது. கற்கும் வேட்கை ஒன்றையே முதலாகக் கொண்டு, கூலி கருதாது வைத்தியசாலைக்கு வரும் மாணாக்கனுக்கு அவ்வைத்தியசாலை செய்யக் கடமைப்பட்டது யாது என்பதே அது.

ஊதியமின்றிக் கற்றல் தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளாகவே பரம்பரை வைத்தியர் இல்லங்களிற் பேணப்பட்டன. அச்சுவடிகளைப் படிக்க விரும்பியவன் அவ்வில்லத்தையே பள்ளியாகக் கொள்ளல் வேண்டும். மூலிகை பறித்தல், மருந்து இடித்தல், எண்ணெய் காய்ச்சுங்கால் அடுப்பின் பதம் பார்த்தல், ஆசானுடன் நோயாளியின் வீட்டிற்குச் செல்லுதல் முதலியவை அவன் பணிகள். அவனுக்குச் சம்பளமில்லை, ஆயின் உணவும் உறையுளும் உண்டு. நாடி பார்க்கும் முறை சொல்லாற் புகட்டத்தக்கதன்று. ஆசான் கைபிடித்த இடத்திலே தானும் கைபிடித்து அறியத்தக்கது. ஆதலின் உடனுறைவே கல்வியாயிற்று. இம்முறையின் சிறப்பு இதுவாயின், குறையும் இதனுள்ளேயே இருந்தது. ஆசான் விரும்பியவரையே ஏற்றான். தான் விரும்பிய அளவே உணர்த்தினான். கைகண்ட மருந்துகள் பல அவனோடு மறைந்தன. பெரும்பாலும் குடும்பத்துள் அடங்கிய கல்வியாகவே அது நிலவிற்று.

இந்நிலையில், 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1822இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றவர் அவர். 1848இல் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். நோயாளர் கூட்டமோ பெரிது, வைத்தியரோ ஒருவர். எனவே இந்நாட்டு இளைஞரையே வைத்தியராக்குதல் வேண்டுமென அவர் துணிந்தார். அவ்வாண்டிலேயே சிறு தொகையினரான மாணாக்கர் அவரிடம் கற்கத் தொடங்கினர்.

இவர்கள் திடீரெனத் தோன்றியவரல்லர். 1823ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலமும் தமிழும் கணிதமும் இயற்கை நூல்களும் கற்பித்து ஓர் இளந்தலைமுறையை முன்னரே ஆயத்தம் செய்திருந்தது. கிறீனின் மாணாக்கர் ஏவலராக அன்றிக் கற்பவராகவே வைத்தியசாலையுட் புகுந்தனர். எனினும் கற்றலும் பணியும் அங்கே வேறு வேறாக இருக்கவில்லை. காலையில் வரும் நோயாளரின் வரலாற்றைக் கேட்டறிதல், புண் கழுவிக் கட்டுதல், மருந்து கலந்து கொடுத்தல், அறுவைச் சிகிச்சையின்போது அருகிருந்து துணை செய்தல் ஆகியனவெல்லாம் பாடங்களாயின. நூலிற் படித்த நரம்பையும் நாளத்தையும் நோயுற்ற உடலிற் கண்டு தெளியும் வாய்ப்பு அவர்க்கு வாய்த்தது. யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் 1850இல் நகரிலே சகாயர் சங்க வைத்தியசாலை எழுந்தபோது, கிறீனின் மாணாக்கர் அங்கும் பணிபுரிந்தனர்.

கற்பித்தலின் பயன் எவரைச் சென்றடைதல் வேண்டும் என்னும் சிக்கல் விரைவிலே தோன்றிற்று. முதலிற் பயின்றோர் ஆங்கிலத்திலேயே பயின்றனர். ஆங்கிலங் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர் வாழ்வும் காத்திருந்தன. கற்றுத் தேறியவர் பலர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களை விட்டு அகன்றனர். வைத்தியசாலை உழைப்பைச் செலவிட்டது; கிராமமோ வைத்தியனின்றி முன்போலவே இருந்தது. இதனை நன்குணர்ந்த கிறீன், 1857இல் தாயகஞ் சென்று 1862இல் மீண்டபின், கற்பிக்கும் மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழிற் பயின்றவர் தம் ஊரிலே தங்குவர். தம் மக்களின் மொழியிலே நோய்க்குரிய காரணத்தை எடுத்துரைப்பர். கற்றதைப் பிறர்க்கும் கற்பிப்பர் என்பது அவர் கருத்து. மாணாக்கர் மேனாட்டு உடையையும் நடையையும் மேற்கொண்டு தம்மினத்தாரிடமிருந்து வேறுபட்டு நிற்பதையும் அவர் விரும்பவில்லை. சமயம் பரப்ப வந்த சங்கமொன்றின் வைத்தியர், மாணாக்கன் தன் மொழியையும் உடையையும் இழத்தலாகாது என வற்புறுத்தியமை குறிப்பிடத்தக்கது. அவர் பயிற்றிய மாணாக்கர் தொகை 60க்கு மேற்பட்டதாகும். அவருள் ஏறத்தாழச் சரிபாதியினர் தமிழிற் பயின்றவர்.

மொழியை மாற்றுதல் எளிதாயிற்று. அம்மொழியில் நூலில்லாமை பெருந்தடையாயிற்று. இத்தடையே மானிப்பாய் வைத்தியசாலையை ஓர் ஆராய்ச்சிக் களமாக மாற்றியது. உடற்கூறு, உடலியல், அறுவை மருத்துவம், மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளின் ஆங்கில நூல்கள் ஒவ்வொன்றாகத் தமிழாயின. கற்றர் என்பார் இயற்றிய நூல் 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்' எனவும், மோன்செலின் நூல் 'பிரசவ வைத்தியம்' எனவும் 1850களில் வெளிவந்தன. துரூயிற்றின் நூல் 'இரண வைத்தியம்' என 1867இலும், கிறேயின் பேர்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும், இரசாயன நூல் 'கெமிஸ்தம்' என 1875இலும், தால்ற்றனின் உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இலும் வெளிவந்தன. கிறீன் 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் இப்பணி ஓயவில்லை. 1884இல் அவர் இறக்கும் வரையும் தமிழ் நூல் வேலை அவரைத் தொடர்ந்தது.

இந்நூல்கள் ஒருவரால் ஆனவையல்ல. கலைச்சொல் ஆக்கத்திற்கு ஒரு முறை வகுக்கப்பெற்றிருந்தது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உளதோவென நாடினர். கிட்டாதவிடத்து வடமொழியை நாடினர். அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதினர். 'கெமிஸ்தம்' என்னும் பெயர் இம்மூன்றாம் வழிக்குச் சான்று. முதலிரு வழிகளிலும் செல்ல வேண்டுமாயின், வீட்டிலும் தெருவிலும் உறுப்புக்கும் நோய்க்கும் வழங்கும் பெயர்களையும், ஏட்டுச் சுவடியில் வைத்தியர் ஆண்ட பெயர்களையும் அறிந்தவர் தேவை. அந்நிய நாட்டவரான கிறீன் எத்துணை தமிழ் கற்றவராயினும் இதனைத் தனித்துச் செய்தல் அரிது. ஈண்டு மாணாக்கனே ஆசானுக்கு ஆசானாயினான். டன்போர்த், சாப்மன் வைத்திலிங்கம் முதலிய மாணாக்கர் மொழிபெயர்ப்பிற் பங்குகொண்டனர். அவர் உழைப்பு மறைக்கப்படாது அவர் பெயரோடு போற்றப்பட்டது. கற்க வந்தவன் கையிலிருந்தே பின்வருவோர் கற்கும் நூல் உருவாயிற்று. பரம்பரை வைத்தியன் இல்லத்தில் ஏட்டோடு அடங்கிய அறிவு, இங்கே அச்சேறி எவர்க்கும் உரியதாயிற்று. இரு முறைகளுக்குமிடையே உள்ள பெரும் வேற்றுமை இதுவேயாம்.

எனினும் மானிப்பாயின் வெளிச்சம் வீட்டின் உள்ளறை வரையும் எட்டவில்லை. அந்நியனான ஆடவனிடம் நோயைச் சொல்ல நாணிய பெண்கள், மகப்பேற்றுத் துன்பத்தில் உயிர்போகும் நிலையிலும் வைத்தியசாலைக்கு வரத் தயங்கினர். இக்குறையை நீக்கவே இணுவில் வைத்தியசாலை எழுந்தது. மேரி, மார்கிறற் லீச் என்னும் அமெரிக்கச் சகோதரியர் அதற்கெனப் பொருள் திரட்டினர். இசபெல்லா கேர் என்னும் பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் தொண்டாற்றினார். 1824ஆம் ஆண்டிலேயே உடுவிலிற் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலை தொடங்கப்பெற்றிருந்தமையால், எழுத்தறிந்த பெண்கள் இப்பகுதியில் இருந்தனர். வட்டுக்கோட்டை மானிப்பாய்க்கு உதவியதுபோல, உடுவில் இணுவிலுக்கு உதவிற்று. தாதியர் தொழிலும் மருத்துவிச்சித் தொழிலும் பயின்ற பெண்கள் இணுவிலின் கல்வி மரபைத் தொடர்ந்தனர். குடும்பத்தை விட்டு வந்து நோயாளர் நடுவே இரவு பகலாக நிற்றல் அந்நாளிற் பெண்ணுக்கு எளிய துணிவன்று. ஆதலின் அவளை ஏற்கும் வைத்தியசாலை பாடம் சொல்வதோடமையாது, அவள் பாதுகாப்புக்கும் நன்மதிப்புக்கும் பெற்றோர் முன்னிலையிற் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

பிற நாடுகளின் வரலாறும் இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. இலண்டன் மாநகரத்து வைத்தியசாலைகளில் மாணாக்கர் கூலி பெறாமை மட்டுமன்று, கட்டணமும் செலுத்தினர். கவிஞராகப் புகழ்பெற்ற ஜோன் கீற்ஸ் 1815இல் கைஸ் வைத்தியசாலையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டில் அறுவை வைத்தியரின் கீழ்ப் புண்கட்டும் மாணாக்கராகப் பணியாற்றினார். பொருளுடையார்க்கே அவ்வாயில் திறந்தது. பின்னர் ஆராய்ச்சிக் கூடங்கள் எழுந்த காலத்தில் நிலை வேறு வடிவம் கொண்டது. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவப் பள்ளியிற் பயின்ற ஜே மக்லீன், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஹொவெல் என்னும் பேராசிரியரின் கூடத்தில் ஆராய்ந்து, 1916இல் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டார். கெபரின் என வழங்கும் மருந்தின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. அக்கண்டுபிடிப்பு எவர்க்குரியது என்னும் வழக்கும் அதனோடு தொடங்கிற்று.

கனடா நாட்டுத் தொரன்ரோ நகரில் 1921ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. பேராசிரியர் மக்லியொட் அளித்த ஆராய்ச்சிக் கூடத்தில் பிரெடெரிக் பான்ரிங் என்னும் இளம் வைத்தியரும், சார்ள்ஸ் பெஸ்ற் என்னும் 22 வயது மாணாக்கரும், தொடக்கத்திற் சம்பளமின்றியே உழைத்தனர். அவ்வுழைப்பின் பயனாகிய இன்சுலின், 1922 ஜனவரியில் தொரன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முறை ஏற்றப்பட்டது. நீரிழிவால் மடிய இருந்த எண்ணிறந்தோர்க்கு அது வாழ்வளித்தது. ஆயின் 1923இல் வழங்கிய நோபெற் பரிசில் மாணாக்கன் பெயர் இல்லை; பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் மட்டுமே அது கிடைத்தது. பான்ரிங் தமக்குக் கிடைத்த தொகையிற் பாதியைப் பெஸ்ற்றுக்கு அளித்தார். அச்செயல் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டு. எனினும் உரிமையாகப் பெறவேண்டியதை ஒருவன் ஈகையாகப் பெற நேர்ந்தமையையும் அது உணர்த்துகின்றது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், கற்க வந்தோனுக்கு வைத்தியசாலை செலுத்த வேண்டிய கடன் நான்கு எனலாம். அவனைக் கூலியில்லாத ஏவலாளாகக் கொள்ளாது, கருத்துள்ள பணியைக் கற்பித்துக் கொடுத்தல் ஒன்று. அவனுக்கு விளங்கும் முறையில் உண்மையை மறைக்காது உணர்த்தல் இரண்டு. அவன் உழைப்பால் விளைந்தவற்றில் அவன் பெயரை நிலைநாட்டல் மூன்று. வறியவன் என்பதால் வாயில் அடைபடாதவாறு உணவுக்கேனும் உறையுளுக்கேனும் வழிசெய்தல் நான்கு. பழைய வைத்தியன் இல்லம் நான்காவதை நன்கு செய்து, இரண்டாவதிற் குறைந்தது. இலண்டன் முதலாவதைச் செய்து, நான்காவதை மறந்தது. தொரன்ரோ மூன்றாவதில் தடுமாறிற்று. மானிப்பாய் முதல் மூன்றையும் ஒருங்கே செய்ய முயன்றமையே அதன் பெருமை.

மாணாக்கனுக்கும் ஒரு கடன் உண்டு. வைத்தியசாலையில் அவன் நோக்கும் பொருள் ஏடன்று, மனிதன். நோயாளி தன் உடம்பின் மறைவையும் மனத்தின் அச்சத்தையும் வைத்தியனை நம்பியே வெளியிடுகின்றான். கற்கும் இளைஞனுக்காக அன்று. ஆதலின் நோயாளியின் இசைவு பெற்றே அருகில் நிற்றல், கேட்டதைப் புறத்தே சொல்லாமை, தான் அறியாததை அறிந்தவன்போற் செய்யாமை ஆகியன அவன் முதற் பாடங்களாம். இணுவிலில் நாணத்தோடு வந்த பெண்ணின் நம்பிக்கையைக் காத்தமையாலேயே அவ்வைத்தியசாலை வளர்ந்தது. அந்நம்பிக்கை குலைந்திருப்பின் கற்பதற்கு அங்கே நோயாளரே இருந்திரார்.

கொழும்பு மருத்துவப் பள்ளி 1870இல் தொடங்கிய பின், ஆங்கிலக் கல்வியே மேலோங்க, மானிப்பாயின் தமிழ் மருத்துவக் கல்வி நின்றுபோயிற்று. சகாயர் சங்க வைத்தியசாலை 1907இல் அரசினர் வசமாகிக் காலப்போக்கிற் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தோன்றிற்று. இன்று மாணாக்கர் வைத்தியசாலை வாயிலில் நிற்பது புதுமையன்று. மானிப்பாயின் பழைய நூல்கள் வழக்கொழிந்தன. அவற்றுட் கூறிய மருத்துவத்திற் பெரும்பகுதியும் காலத்தாற் கடந்து போயிற்று. கடந்து போகாதது, கற்க வந்தவனை உடனுழைப்பாளனாக மதித்த அந்நெறியே. வைத்தியசாலையொன்று ஓர் இளைஞனைத் தன் கதவின் உள்ளே அழைக்கும்போது, நாளைய நோயாளி ஒருவனுக்கு இன்றே வாக்களிக்கின்றது. அவ்வாக்குப் பொய்யாகாமற் காப்பது அழைத்தவர்க்கும் வந்தவர்க்கும் பொதுவான கடனாகும்.