ராமச்சந்திரரின் இயற்கணிதமும் தில்லி வகுப்பறையும்

1850ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆங்கில நூல் ஒன்று வெளியானது. பெருமம், சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தைக் கொண்டே தீர்த்துக்காட்டுவது அதன் நோக்கம். எழுதியவர் ராமச்சந்திரர், 1821இல் பிறந்தவர், தில்லிக் கல்லூரியில் ஐரோப்பிய அறிவியலை உருது வழியாகக் கற்பித்துவந்த ஆசிரியர். சொந்தப் பணத்தில் அச்சிட்ட அந்நூலுக்குக் கல்கத்தா இதழ்களில் கிடைத்த வரவேற்பு அவருக்கு ஆறுதலாக இல்லை. கணித வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று இன்று கருத்தரங்குதோறும் பேசுகிறோம். அப்படிப் பேசுகிறவர்கள் இந்நூலுக்கு நேர்ந்ததை அறிந்திருப்பது நல்லது.

முதலில் அவருடைய முறையைப் பார்ப்போம். பத்தை இரண்டு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அவற்றின் பெருக்கற்பலன் இயன்ற அளவு பெரிதாக இருக்க வேண்டும். பெருக்கற்பலனை 'ப' என்று கொண்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால், பகுதிகள் 5 + √(25 − ப), 5 − √(25 − ப) என்று கிடைக்கும். 'ப' 25ஐத் தாண்டினால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்துவிடும். மெய்யான விடை இராது. ஆகவே பெருமம் 25. அந்த இடத்தில் இரு மூலங்களும் ஒன்றாகி, இரு பகுதிகளும் ஐந்தாகின்றன. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாமே கண்டடையக்கூடிய வழி இது.

கல்கத்தாவில் ராமச்சந்திரருக்குக் கிடைத்த ஆதரவாளர் டிரிங்க்வாட்டர் பெத்யூன். அவர் வழியாக நூலின் படி லண்டனில் அகஸ்டஸ் டி மார்கனிடம் சென்றது. தருக்கவியலில் இன்றும் தம் பெயரால் விதிகள் வழங்கப்பெறும் அதே டி மார்கன்தான். (அவர் 1806இல் மதுரையில் பிறந்தவர், கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.) அவருடைய முயற்சியால் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ராமச்சந்திரருக்குப் பரிசளித்தனர், 1859இல் நூல் லண்டனில் மறுபதிப்பாயிற்று. அதற்கு டி மார்கன் நீண்ட முன்னுரை எழுதினார். கிரேக்கரின் வலிமை வடிவியல், இந்துக்களின் வலிமை இயற்கணிதம். தேங்கிநிற்கும் இந்திய மனத்தைத் தட்டியெழுப்ப அதற்கு இயல்பான இயற்கணிதமே தக்க கருவி என்பது அவர் வாதத்தின் சாரம். கோல்புரூக் 1817இல் பிரம்மகுப்தர், பாஸ்கரர் ஆகியோரின் நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட பின் ஐரோப்பிய அறிஞரிடையே பரவியிருந்த ஓர் எண்ணத்தின் தொடர்ச்சி இது.

இந்த வாதம் பரிவிலிருந்து பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வரலாறாகவே அது நிற்காது. மேலே சொன்ன பிரித்துப் பெருக்கும் கணக்கையே 1630களில் ஃபெர்மா தம் பெருமம் காணும் முறைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். மூலங்கள் ஒன்றாகும் இடத்தைத் தேடும் உத்தியைத் தெக்கார்த் வளைகோடுகளுக்குக் கையாண்டார். நுண்கணிதம் கைக்கு வருமுன் பிரான்சில் நடந்த அதே தடத்தில்தான் ராமச்சந்திரரும் நடந்தார். அதை 'இந்து மனத்தின்' இயல்பு என்று சொல்ல என்ன இருக்கிறது? பாஸ்கரரின் பீஜகணிதம் இருபடிச் சமன்பாட்டைத் திறம்படத் தீர்க்கிறது, உண்மை. பெருமம் தேடும் கேள்வி அதிலிருந்து ராமச்சந்திரருக்கு வந்ததன்று. அது அவர் கற்ற ஐரோப்பிய நூல்களின் கேள்வி.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தில்லி மாணவர்களுக்கு இயற்கணிதத்தின் பெயர் 'ஜப்ர் ஓ முகாபலா'. ஒன்பதாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மி எழுதிய அரபு நூலின் தலைப்பிலிருந்து வந்த சொற்கள் அவை. லீலாவதியோ 1587இல் ஃபைஸியின் கையால் பாரசீகத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஷாஜகான் காலத்தில் பீஜகணிதமும் வந்தது. அந்த வகுப்பறைக்குள் நுழைந்த மரபு சமஸ்கிருதம், அரபு, பாரசீகம் மூன்றும் கலந்து ஊறியது. முன்னுரையில் அந்தக் கலப்புக்கு இடமில்லை. ஒரு மனம், ஒரு மரபு என்று கதை நேராகிவிட்டது. தில்லிக் கல்லூரியைச் சார்ந்த மொழிபெயர்ப்புக் கழகம் அறிவியல் நூல்களை உருதுவில் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. ராமச்சந்திரரே உருதுவில் இதழ்கள் நடத்தியவர். அப்படிப்பட்டவரின் இந்த நூல் மட்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, லண்டன் அறிஞரின் முன்னுரையோடு புகழ்பெற்றது. அதற்குள் 1857இல் கல்லூரி சூறையாடப்பட்டது. கிறித்தவராகியிருந்த ராமச்சந்திரர் நகரை விட்டுத் தப்ப நேர்ந்தது. இந்தியப் பாடத்திட்டத்தில் அந்நூல் இடம்பிடிக்கவேயில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் இந்திய அறிவு மரபு என்ற தலைப்பில் பாடங்கள் பெருகியுள்ளன. பாடநூலின் ஓரத்தில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு பெயர், ஒரு நூற்றாண்டு, 'நாமே முதலில்' என்ற பெருமிதம். டி மார்கனின் வாதத்தைத் திசைமாற்றி நாமே பேசுவதாகத்தான் இது எனக்குப் படுகிறது. அந்தக் கட்டத்தைப் படித்த மாணவருக்கு ஒரு கணக்கும் தெளிவாவதில்லை.

ராமச்சந்திரரை வகுப்புக்குக் கொண்டுவர வேறு வழி உண்டு. 12 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சம அளவுச் சதுரங்களை வெட்டி, மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்ய வேண்டும். கொள்ளளவு பெருமமாக எவ்வளவு வெட்டுவது? இப்போது சமன்பாடு முப்படியாகிவிடுகிறது. இரு மூலங்கள் ஒன்றாக வேண்டும் என்ற நிபந்தனையை மாணவர்கள் இதற்கும் நீட்டிப் பார்க்கட்டும். கெழுக்களை ஒப்பிட்டு அரைப்பக்கம் எழுதியபின் ஓர் இருபடிச் சமன்பாடு எஞ்சும். அதன் மூலங்கள் 2, 6. ஆறு செ.மீ. வெட்டினால் அட்டையே மிஞ்சாது. ஆகவே விடை 2 செ.மீ., கொள்ளளவு 128 கன செ.மீ. அதன்பின் ஆசிரியர் அதே கொள்ளளவை வகையிட்டுக் காட்டினால், அரைப்பக்க உழைப்பில் எஞ்சிய அதே இருபடிச் சமன்பாடு ஒரே வரியில் வந்து நிற்கும்.