மயிலாப்பூரின் பேதி நாள்

மயிலாப்பூர் வீடுகளில் ‘பேதிக்குக் கொடுப்பது’ ஒரு காலத்தில் எண்ணெய்க் குளியலைப் போலவே வழக்கமாக இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை, வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். குமட்டல் தெரியாமலிருக்கச் சூடான பாலிலோ காபியிலோ கலந்து, மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவார்கள். மதியம் ரசம் சாதம் மட்டும். நாக்குப்பூச்சியும் கீரிப்பூச்சியும் வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி என்பது சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி. வீட்டில் அந்தக் கணக்கு பாட்டிமார் கையில் இருந்தது.

கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை போன்ற நாட்டுமருந்துக் கடைகளில் பூச்சிக்கான வாய்விடங்கமும் ஓமமும் பொட்டலமாகக் கிடைத்தன. மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் தொடங்கிய வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் ஏழைகளுக்கும் வைத்தியம் பார்த்தது.

விளக்கெண்ணெய் புழுவைக் கொல்வதில்லை. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடல் தசையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதைத் தள்ளுகிறது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் கொக்கிப்புழு அதற்கு எளிதில் அசையாது.

புழுவைத் தள்ளி வெளியேற்றும் இதே உத்தி உடலிடமும் உண்டு. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் முள்ளைக் குத்தி, அதைச் சூழ்ந்த செல்களைக் கண்டார் விலங்கியலாளர் இலியா மெச்னிக்கோவ். கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்கள் பற்றிய ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் ஒரு சாண் நீளப் புழுவை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாதே! புழு நுழைந்ததும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. மேக்ரோபேஜ்களின் குணம் மாறுகிறது: அவை ஆர்ஜினேஸ் நொதியை ஏராளமாக உண்டாக்குகின்றன. எலிகளில் 2006-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் முறை தொற்றியபோது இவை குடல் சுவருக்குள் இளம்புழுவைச் சூழ்ந்து அதன் தெம்பைக் குறைத்தன. மேக்ரோபேஜ்களை நீக்கிய எலிகளால் புழுவை விரட்ட முடியவில்லை. குடல் தசை வலுவாகச் சுருங்கவும், புழு துளைத்த காயம் ஆறவும் இவை உதவுகின்றன. சளியும் பெருகுகிறது. பாட்டி வெளியிலிருந்து செய்ததை இந்தச் செல்கள் உள்ளிருந்து, நாள்கணக்கில், அலட்டாமல் செய்கின்றன.

கழிப்பறையும் செருப்பும் பரவலானதும் விளக்கெண்ணெய்க் கரண்டிக்கு வேலை குறைந்தது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள்: 400 மில்லிகிராம் மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு அதில் பாதி. மாத்திரை இருக்கும் புழுவைத்தான் அழிக்கும். மீண்டும் தொற்றுவதைத் தடுக்காது. அதனால் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரண்டு சுற்று.