இசைத்தட்டைப் பொறுத்த கோர்ட், மௌனத்தைப் பொறுக்கவில்லை

1938 ஏப்ரல். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் காசியஸ் தெரு. அங்கே குடியிருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கத்தோலிக்கர்கள். அந்தத் தெருவுக்குள் புத்தகப் பையும் கிராமபோனுமாக வந்தார்கள் ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

மகன் ஜெஸ்ஸி கான்ட்வெல், தெருவில் போன இரண்டு பேரை நிறுத்தி, ஒரு ரெக்கார்டு போடட்டுமான்னு கேட்டார். அவர்களும் சரி என்றார்கள். ஓடியதோ கத்தோலிக்கத் திருச்சபையைக் கிழி கிழியென்று கிழிக்கும் பேச்சு. கேட்ட இருவருமே கத்தோலிக்கர்கள்! ஓங்கி அடிக்கலாமா என்கிற அளவுக்குக் கோபம். ஆனாலும் இடத்தைக் காலி பண்ணச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜெஸ்ஸியும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பொது அமைதியைக் குலைத்தார் என்று அவருக்குத் தண்டனை விதித்தார்கள்.

1940 மே 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஓவன் ராபர்ட்ஸ். ஒருவருக்கு வேதமாக இருப்பது அடுத்தவருக்கு அப்பட்டமான பிழையாகத் தெரியும். மதப் பேச்சில் மிகையும் வசையும் கலக்கத்தான் செய்யும். சுதந்திரம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கதை இதோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை.

சரியாக இரண்டே வாரம். ஜூன் 3. அதே கோர்ட், அதே பிரிவு, வேறு வழக்கு. பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில், பள்ளியில் கொடிக்கு சல்யூட் அடிக்க மறுத்த அக்காவையும் தம்பியையும் 1935இலேயே வெளியே அனுப்பியிருந்தார்கள். கொடியை வணங்குவது சிலை வழிபாடு மாதிரி என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பிள்ளைகள் யாரையும் திட்டவில்லை, சும்மா நின்றார்கள். ஆனால் 8க்கு 1 என்ற கணக்கில் பள்ளி நிர்வாகம் ஜெயித்தது. ஹார்லன் ஸ்டோன் ஒருவர்தான் மறுத்து எழுதினார். அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் கும்பல்கள் சாட்சிகளைத் தாக்கின. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க்கில் அவர்களுடைய கூடத்தையே கொளுத்தினார்கள்.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இது. ரெக்கார்டு வழக்கில் புண்பட்டது கத்தோலிக்கர் மனசு. அந்த ஒன்பது பேரில் கத்தோலிக்கர் ஒருவர்தான். அடுத்தவன் புனிதத்தைத் திட்டினால் பொறுத்துக்கொள் என்பது சுலபம். கொடி அப்படியல்ல, அது நீதிபதிகளுக்கும் புனிதம். ஐரோப்பாவில் போர் வேறு. சகிப்புத்தன்மைக்கு உண்மையான பரீட்சை, நம்முடைய புனிதத்தில் ஒருவன் கை வைக்கும்போதுதான்.

கோர்ட் தன்னைத் திருத்திக்கொள்ள மூன்று வருடம் ஆனது. 1943 ஜூன் 14 அன்று, 6க்கு 3 என்று பழைய தீர்ப்பை மாற்றியது. அன்று அமெரிக்காவில் கொடி நாள்!

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1985இல் கேரளத்தில் ஜன கண மன பாடும்போது மரியாதையாக எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்துப் பேசி, அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

எல்லாம் படித்து முடித்த பிறகும் எனக்கு நினைவில் நிற்பது நீதிபதிகள் அல்ல, காசியஸ் தெருவின் அந்த இரண்டு பேர். கை ஓங்கத் தோன்றியும் ஓங்காமல் 'போய்விடு' என்றதோடு விட்டார்கள். கோர்ட் வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே அவர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.