சாண்டர்சயனின்

சாண்டர்சயனின் என்பது வட அமெரிக்க நன்னீர் மீனான வால்ஐயின் (சாண்டர் விட்ரியசு) உடலைப் போர்த்தியுள்ள கோழையில் காணப்படும் நீலநிறப் புரதம் ஆகும். இது லிப்போகேலின் குடும்பத்தைச் சேர்ந்தது. புற ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும் இயல்பினால், உயிருள்ள உயிரணுக்களைப் படமெடுக்க உதவும் ஒளிரும் புரதங்களின் வடிவமைப்பில் இது கவனம் பெற்றுள்ளது.

கண்டுபிடிப்பு

நீலநிற வால்ஐ மீன்களின் கோழையை அமெரிக்க உயிரியலாளர் வேய்ன் சேஃபர் ஆராய்ந்தார். (1983-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஈரி ஏரியின் நீலப் பைக் மீனுடன் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) பெங்களூரில் சுவாகதா கோசு, எசு. இராமசாமி ஆகியோர் சேஃபர் உள்ளிட்டோருடன் இணைந்து இப்புரதத்தின் படிக அமைப்பைக் கண்டறிந்து 2016-இல் வெளியிட்டனர்.

ஒளிரும் முறை

1962-இல் ஒசாமு சிமோமுரா இழுதுமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிரும் புரதம், தன் நிறந்தாங்கியைத் தன்னுடைய மூன்று அமினோ அமிலங்களிலிருந்தே உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு ஆக்சிசன் தேவை. சாண்டர்சயனினோ பிலிவெர்டின் என்னும் நிறமியை வெளியிலிருந்து பெற்று, வேதிப்பிணைப்பின்றித் தன் குழிவில் பொதிந்துகொள்கிறது. ஈமின் சிதைவில் தோன்றும் இந்நிறமி பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் உண்டு.

இப்புரதம் 375 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 675 நானோமீட்டரில் உமிழ்கிறது. இடைவெளி 300 நானோமீட்டர். மேம்படுத்தப்பட்ட பச்சைப் புரதத்தில் இது ஏறத்தாழ 20 மட்டுமே. இடைவெளி பெரிதாயின், பாய்ச்சும் ஒளியை வடிகட்டி உமிழொளியை மட்டும் பிரித்தறிவது எளிது. சிவப்பொளி திசுக்களை ஊடுருவவும் வல்லது.

நம்பகத்தன்மைச் சிக்கல்கள்

பிலிவெர்டின் சேர்ந்தவுடன் நான்கு சாண்டர்சயனின் மூலக்கூறுகள் ஒன்றாகத் திரள்கின்றன. இதுவே முதன்மைக் குறை. அடையாளமாக ஒட்டப்படும் புரதம் திரண்டால் அது ஒட்டிய புரதத்தையும் இழுத்துச் சேர்க்கும். அப்போது நுண்ணோக்கியில் தெரிவது உயிரணுவின் இயல்பான நிலையா, அடையாளத்தின் விளைவா என்று கூற இயலாது. பவளவகை உயிரியிலிருந்து 1999-இல் பெறப்பட்ட சிவப்புப் புரதமான டிஎசுரெட்டிலும் இதே சிக்கல் எழுந்தது. இராபர்ட் கேம்பெல், இரோசர் சியென் குழுவினர் அதில் 33 அமினோ அமிலங்களை மாற்றி 2002-இல் ஓரலகுப் புரதமாக்கினர். அதன் வழிவந்த எம்செர்ரி 2004-இல் வெளியானது. சாண்டர்சயனினிலும் அலகுகள் தொடும் பரப்பை மாற்றி ஓரலகு வடிவம் உருவாக்கப்பட்டுள்ளது.

உமிழ்திறன் குறைவாக இருப்பதும், உயிரணுவில் கிடைக்கும் பிலிவெர்டினின் அளவைச் சார்ந்து ஒளிர்வு மாறுபடுவதும் பிற குறைகள். மேலும், புற ஊதா ஒளி நீண்டநேரம் பட்டால் உயிரணு ஊறுபடும். 630 நானோமீட்டர் செவ்வொளியாலும் இப்புரதத்தை ஒளிரச் செய்யலாம்; ஆனால் அப்போது பெரிய அலைநீள இடைவெளியின் பயன் கிட்டாது.