எல்லை கடக்கும் கழிவு: தமிழ்நாடு – கேரள எல்லைப்புறத்தை முன்வைத்து உள்ளாட்சி ஒருங்கிணைப்பு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கழிவைத் தன் எல்லைக்கு வெளியே அகற்றிவிடுவதையே தூய்மைப் பணியின் நிறைவாகக் கொள்ளும் போக்கு உள்ளாட்சி நிர்வாகத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. சட்டவிரோதக் கழிவுக் கொட்டலுக்கு இப்போக்கே களம் அமைத்துத் தருகிறது என்பதைப் பெருங்குடி, விளப்பில்சாலை, திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் அடிப்படையில் உள்ளாட்சி அமைப்புகள் இணைந்து செயல்படுவதற்கான சட்ட வாய்ப்புகளையும் மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: உள்ளாட்சி, கழிவு மேலாண்மை, மாநில எல்லை, பசுமைத் தீர்ப்பாயம், மாவட்டத் திட்டக் குழு.

முன்னுரை

மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நிர்வாக எல்லை மாறினாலும் களியக்காவிளை, புளியரை, வாளையார் வழியான போக்குவரத்து தொடர்ந்தது. காய்கறி, பால், கட்டுமானப் பொருள்கள் ஆகியன இன்றும் இவ்வழிகளில் கேரளத்திற்குச் செல்கின்றன. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டிக்குக் குறைந்த வாடகையில் எச்சுமையும் கிடைக்கும். கழிவு எல்லை கடப்பதன் பொருளியல் அடிப்படை இதுவே.

எல்லைக்கு வெளியே அகற்றுதல்

இப்போக்கு ஒரு மாநிலத்திற்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகராட்சியின் தென்பகுதிக் கழிவு 1980களிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் கொட்டப்பட்டது. அக்காலத்தில் பெருங்குடி மாநகராட்சி எல்லைக்குள் அடங்கவில்லை. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் அவ்வூர் அதனுள் வந்தது. கழிவை உண்டாக்கிய நகரத்தின் மாமன்றத்தில், கழிவைச் சுமந்த ஊருக்கு அதுவரை உறுப்பினர் இல்லை. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது, அந்நிலத்தின் பெரும்பகுதி முன்னரே இழக்கப்பட்டிருந்தது.

கேரளத்தின் விளப்பில்சாலை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் கழிவுப் பதப்படுத்தும் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில் கிராம ஊராட்சியில் இயங்கியது. நீர்நிலை மாசையும் துர்நாற்றத்தையும் எதிர்த்து மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் ஊராட்சியே ஆலையைப் பூட்டியது. காவல்துறையின் துணையுடன் அதனை மீண்டும் திறக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் 2012இல் தோல்வியுற்றன. அதன்பின் மாநகராட்சி, வீடு மற்றும் வட்டார அளவிலான உரமாக்கலை நோக்கித் திரும்பியது. ஒப்புதல் பெறாமல் ஓர் உள்ளாட்சியின் சுமையை மற்றோர் உள்ளாட்சியின்மீது ஏற்றும் ஏற்பாடு நிலைக்காது என்பதே இந்நிகழ்வு தரும் படிப்பினை.

சட்டத்தின் வளர்ச்சியும் இடைவெளியும்

1998ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும் 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளும் 2016இல் புதிய விதிகளால் மாற்றியமைக்கப்பட்டன. புதிய மருத்துவக் கழிவு விதிகள் பட்டைக் குறியீட்டையும் புவியிடங்காட்டி வழியிலான கண்காணிப்பையும் வலியுறுத்தின. சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் இருப்பு வைத்தலாகாது என்றும் வரையறுத்தன. எனினும் மருத்துவக் கழிவைக் கண்காணிக்கும் முதன்மை அதிகாரம் அந்தந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே உள்ளது. ஒரு வாரியத்தின் அதிகாரம் மாநில எல்லையுடன் முடிகிறது. லாரியின் பயணமோ அங்கு முடிவதில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் மூடப்பட்டன. வரி வசூலுக்காக நிறுவப்பட்டவை எனினும், சுமையைத் திறந்து பார்க்கும் வாய்ப்பை அவை அளித்திருந்தன. அந்த இடம் வெற்றிடமாயிற்று.

திருநெல்வேலி, 2024

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கோடகநல்லூர், பழவூர் முதலிய ஊர்களில் மருத்துவக் கழிவு குவிந்து கிடந்தமை வெளிப்பட்டது. குவியலில் இருந்த நோயாளிகள் தொடர்பான தாள்களே அது திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்ததைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாள்களுக்குள் கழிவை அகற்றுமாறு கேரளத்திற்கு ஆணையிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அலுவலர்கள் லாரிகளுடன் வந்து, தமிழ்நாட்டு அலுவலர்கள் முன்னிலையில் கழிவை ஏற்றிச் சென்றனர். தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குகள் பதிந்து சிலரைக் கைது செய்தது.

இந்நிகழ்வில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, கழிவு தோன்றிய இடமே அதனை மீட்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி நடைமுறையில் இயலக்கூடியதே என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டாவது, அப்பொறுப்பை நிறுவியது பதிவேடு அன்று. தற்செயலாகக் கிடைத்த தாள்களே. அத்தாள்கள் இல்லாதிருந்தால் கழிவை அகற்றும் செலவு சிற்றூர் ஊராட்சிகளின் தலையில் விழுந்திருக்கும்.

ஒருங்கிணைப்பிற்கான வழிகள்

இணைந்து செயல்படுவதற்குப் புதிய சட்டம் முழுமையாகத் தேவைப்படவில்லை. அரசமைப்பின் 243இசட்.டி. பிரிவு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான நலன்களைக் கருதித் திட்டமிட மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்துகிறது. கழிவுத் தளத் தேர்வு இக்குழுவின் வழியே நடைபெறின், தளம் அமையும் ஊருக்கும் பேசும் உரிமை கிட்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் செலவுப் பகிர்வின் அடிப்படையில் பல ஊர்களுக்குப் பொதுவான நிலநிரப்புத் தளம் அமைக்க இடமளித்தன.

மாநில எல்லையில் மேலும் மூன்று ஏற்பாடுகள் தேவை. ஒன்று, கழிவேற்றும் வண்டிகளின் பதிவை இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் எல்லையோர உள்ளாட்சிகளும் ஒருசேரக் காணுதல். இரண்டு, காவல், போக்குவரத்து, உள்ளாட்சித் துறைகள் எல்லைச் சாவடிகளில் கூட்டாகச் சோதனை நடத்துதல். மூன்று, மீட்புச் செலவைக் கழிவை உண்டாக்கிய நிறுவனத்திடமிருந்து பெற்றுப் பாதிக்கப்பட்ட ஊராட்சிக்கு அளித்தல். மூன்றாவது ஏற்பாடின்றி முதலிரண்டும் பயன் தரா. கழிவை முறையாகச் சுத்திகரிக்கும் செலவைவிடக் கொட்டிவிட்டுச் செல்லும் செலவு குறைவாக இருக்கும்வரை, ஒரு சாவடியில் மறிக்கப்பட்ட வண்டி வேறொரு வழியைத் தேடும்.

முடிவுரை

பெருங்குடியில் பெருநகரத்தின் சுமை, தன் எல்லைக்கு வெளியே இருந்த சிற்றூரின்மீது ஏறியது. விளப்பில்சாலையில் சிற்றூர் அதனை மறுத்தது. திருநெல்வேலியில் நீதி அமைப்பின் தலையீட்டால் கழிவு திரும்பிச் சென்றது. இம்மூன்றிலும் உள்ளாட்சிகள் ஒன்றையொன்று எதிர்கொண்டது பூசல் எழுந்த பின்னரே. பூசலுக்கு முன்னரே அவை கூடிப் பேசுவதற்கான அவையைச் சட்டம் மாவட்ட அளவில் வகுத்துள்ளது. மாநில எல்லையில் அத்தகைய நிலையான அவை எதுவும் இல்லை. கன்னியாகுமரி, தென்காசி, கோயம்புத்தூர் போன்ற எல்லை மாவட்டங்களையும் அவற்றை அடுத்த கேரள மாவட்டங்களையும் உள்ளடக்கிய கூட்டுக் குழுவை இரு அரசுகளும் அமைப்பதே இக்குறையை நீக்கும் முதற்படியாகும்.