கடல் கடந்த இல்லறமும் ஓய்வுநாட் பயணமும்

பொருள் தேடிக் கடல் கடப்போர் மனைவியரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்னும் கருத்துப்படத் தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா உண்டு. அதில் வரும் 'முந்நீர்' என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். கடற்செலவு என்றே கொள்வோமாயின், அயல்நாட்டு வாழ்க்கை தனித்த ஆடவனின் வாழ்க்கை என்பதும், இல்லறம் கரையிலேயே காத்திருக்கும் என்பதும் பெறப்படும். அவ்வழக்கம் யாருக்கு மாறியது, யாருக்கு மாறவில்லை என்பதை மலாயா, சிங்கப்பூர் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு ஒரு சிறு சொல்லைப் பற்றுக்கோடாகக் கொள்வோம்: 'வார இறுதி'.

வார இறுதியில் சென்றுவந்த இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவர் இன்று அரியர். எனினும் இத்தொடர் தமிழுக்குப் புதியது. ஆங்கிலத்தின் வழியே வந்த மொழிபெயர்ப்பு. நம் முன்னோர்க்குத் திருவிழா நாள் உண்டு, அமாவாசை உண்டு; ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்தல் என்னும் கணக்கு இல்லை. மலாய் மொழியின் 'ஹுஜோங் மிங்கு' என்னும் தொடரிலும் அயல்வரவு தெரிகிறது. 'மிங்கு' என்பது ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'தொமிங்கோ' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. ஓய்வுநாளும் அதன் பெயரும் இம்மண்ணுக்குக் கப்பலேறி வந்தவை.

ஓய்வுநாளைக் கொண்டுவந்த ஐரோப்பியர்க்கே தொடக்கத்தில் இங்கு இல்லறம் எளிதாக வாய்க்கவில்லை. வங்கிகளும் வணிக நிறுவனங்களும் இரப்பர்த் தோட்டக் குழுமங்களும் இளம் உதவி அலுவலர்களைத் திருமணம் செய்துகொள்ள விடவில்லை. முதல் ஒப்பந்தக் காலம் முடியவேண்டும், அல்லது ஊதியம் ஒரு வரம்பை எட்டவேண்டும் என்பது பலவிடத்து நடைமுறை. வெள்ளையர் குடும்பம் வறுமையில் வாழ்வதைப் பிறர் காணலாகாது என்னும் கௌரவக் கவலையும், குடும்பத்துக்கேற்ற வீடும் படியும் தரவேண்டுமே என்னும் செலவுக் கவலையும் அதற்குக் காரணங்கள். இரண்டாவதே வலுவானது என்பது என் கருத்து.

முதல் உலகப் போருக்குப்பின் மனைவியர் மிகுதியாக வரத் தொடங்கினர். மோட்டார் வண்டியும் சாலையும் பெருகின. வெப்பநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தால் உடல் தளரும், மலைக்காற்று அதற்கு மருந்து என்பது அக்கால ஐரோப்பியரின் உறுதியான நம்பிக்கை. பினாங்கு மலையின் கம்பியிழுவை இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. ஈய வணிகர் லூயிஸ் ஜேம்ஸ் பிரேசரின் பெயர்தாங்கிய பிரேசர் மலை, 1920களின் தொடக்கத்தில் ஓய்வுத்தலமாயிற்று. அங்கு ஏறும் இறுதிச் சாலை ஒருவழிப்பாதை. ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நேரம். 1885இல் நில அளவாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்த மேட்டுநிலம் பின்னாளில் கேமரன் மலையாக வளர்ந்தது. சனிக்கிழமை புறப்பட்டுக் கணப்படுப்பின் அருகே ஓர் இரவைக் கழித்துத் திரும்பும் கணவனும் மனைவியும் இவ்வாறு மலாயாவில் தோன்றினர். தோட்டத் தமிழர் அவர்களைத் 'துரை', 'துரைசானி' என்றனர். பின்னது தெலுங்கிலிருந்து வந்த சொல்.

அத்தகைய பயணமொன்று நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றது. 1951 அக்டோபர் 6, ஒரு சனிக்கிழமை. பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி தம் மனைவியுடன் கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் புறப்பட்டார். வழியில் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டனர். வண்டியை விட்டிறங்கி நடந்த கர்னி குண்டுபட்டு மாண்டார். வண்டிக்குள் இருந்த மனைவியும் செயலாளரும் உயிர் தப்பினர். அவசரகாலத்தின் உச்சத்திலும் அவ்வழக்கத்தைக் கைவிட மனமில்லாத அளவுக்கு வார இறுதிப் பயணம் ஆட்சியாளர் வாழ்வில் வேரூன்றியிருந்தது.

அதே கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. துரைசானி ஓரிரவு தங்கிச் சென்ற மலையில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டு முழுதும் வாழ்ந்தன. அவர்களும் அயல்நாட்டில் வாழ்ந்த தம்பதியரே. அந்த இல்லறமும் எல்லார்க்கும் கிட்டவில்லை. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், மலாயா இந்தியருள் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 500க்கும் குறைவு. உடன் வந்த மனைவி வெறும் துணையாக வரவில்லை, அவளும் பெயர்ப்பட்டியலில் ஒரு கூலியாள். 1920களின் இறுதியில் கடலோரத் தோட்டப் பகுதிகளின் நிர்ணயக் கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

அவர்கள் ஓய்வுநாளில் எங்குச் சென்றனர்? பக்கத்துத் தோட்டத்து உறவினரின் லயத்துக்கு. சம்பளம் போட்டபின் பட்டணத்துக் கடைத்தெருவுக்கு. ஆண்டுக்கொருமுறை பத்துமலைக்கோ பினாங்குத் தண்ணீர்மலைக்கோ தைப்பூசம் காண. உறவும் நேர்த்திக்கடனும் அவர்களை நடத்தின. காட்சிக்காகவும் காற்றுக்காகவும் பயணம் செய்தோர் அவர்களுள் அரியர். நெடும்பயணம் என்றால் ஒன்றே ஒன்று: 'ஊருக்குப் போதல்'. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை ஓடிய ரஜுலா கப்பலை இன்றும் மூத்தோர் பெயர்சொல்லி நினைவுகூர்வர். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் 'ஊர்' என்றால் தான் பார்த்திராத தமிழகச் சிற்றூரையே எண்ணியது. ஒரு சொல்லின் பொருள் இருக்கும் இடத்தைவிட்டு இத்தனை தொலைவில் நின்றதற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

ஐந்துநாள் வேலைவாரம் சிங்கப்பூரின் அரசாங்கத் துறைகளுக்கு 2004இலும் மலேசிய அரசுப் பணிக்கு 2005இலும் வந்தது. துரைமார்க்கிருந்த சனி ஞாயிறு பொதுவுடைமையாயிற்று. அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கணினித் துறைக்கும் வங்கிகளுக்கும் வந்த இளந்தம்பதியர், ஓரிரு நாள் ஓய்வில் மலாக்காவுக்கும் பாத்தாமுக்கும் சென்றுவரலாயினர். தொல்காப்பியர் சொன்ன வழக்கம் இவர்களளவில் முற்றாக மாறிவிட்டது. எனினும் வேலை அனுமதி அட்டை கணவனுக்கு (சிலவேளை மனைவிக்கு) உரியது. மற்றவர்க்குக் கிடைப்பது சார்ந்து வாழ்வோர் அட்டை. அதைப் பெறவும் மாதச் சம்பளம் ஒரு வரம்பை எட்டவேண்டும். 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்து வாழ்வோர் அட்டையுடையோர் வேலைக்குச் செல்ல விரும்பினால் பொதுவாகத் தனியே வேலை அனுமதி பெறவேண்டும். 1920களின் உதவித் துரைக்கு இவ்வரம்பு புரிந்திருக்கும்.

கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் ஊழியரின் 'வொர்க் பர்மிட்'டில் குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. மனைவி புதுக்கோட்டையிலோ இராமநாதபுரத்திலோ இருப்பாள். ஆங்கிலம் முன்னவரை 'எக்ஸ்பேட்ரியேட்' என்றும் பின்னவரை 'மைக்ரண்ட் வொர்க்கர்' என்றும் பிரிக்கிறது. தாய்நாட்டைவிட்டு வந்தவர் என்னும் பொருள் இருவர்க்கும் பொருந்தும். பட்டினப்பாலை, புகார் நகரில் கலந்து வாழ்ந்த அயலவரைப் 'புலம்பெயர் மாக்கள்' என்று ஒரே சொல்லால் சுட்டியது. அவர்களிடையே ஊதிய வேறுபாடு பார்க்கவில்லை. நம் செய்தித்தாள்கள் 'வெளிநாட்டு ஊழியர்' என்று எழுதுகையில், வங்கி அலுவலரை வாசகர் மனத்தில் கொள்வதில்லை.

ஞாயிறு மாலை தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய திடல்களில் இவ்வூழியர்கள் கூடுகின்றனர். ஒருவர் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறார். ஒருவர் புல்லில் அமர்ந்து, கைப்பேசியின் திரையை மனைவிக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிச் சாலை விளக்குகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.