‘அந்த நாள்’ படத்தின் காட்சிநடையும் கதைகூறு முறையும்

1954ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ என்னும் திரைப்படத்தைச் சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’ (1950) வழிப்பட்டதாகக் கூறுதல் தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோரிடை மரபாயிற்று. இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதனைக் கதையளவில் நில்லாது, காட்சிநடையையும் துணைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஒற்றுமை வெளிப்படை. இரண்டிலும் ஒரு சாவு உண்டு. அதுபற்றிப் பலர் கூறுகின்றனர். கூறுவார்க்கேற்பச் செய்தியும் மாறுகின்றது. எனினும், அகப்பாடலுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருளாதல் போலத் திரைக்கதைக்கு இடமும் ஒளியும் முதலாவன எனக் கொண்டு நோக்கின், இவ்விரு படங்களும் பெரிதும் வேறுபடுதல் புலனாகும்.

‘ராஷோமான்’ படத்தில் நிகழ்ச்சிக்குரிய இடம் காடு. பொழுது வெயில் எறிக்கும் பகல். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவா படப்பிடிப்புக் கருவியைக் கதிரவனுக்கு நேரே திருப்பினார்; கண்ணாடிகளைக் கொண்டு வெயிலை நடிகர்மேல் வீழ்த்தினார். இலைநிழல் முகங்களின்மீது அசைந்தவண்ணம் உள்ளது. ஒளி மிகுந்தும் உண்மை தெளிந்திலது. வழக்குமன்றக் காட்சிகளிலோ நடுவர் உருவமும் தோன்றுவதில்லை, குரலும் கேட்பதில்லை. சான்று கூறுவோர் காண்போரை நோக்கியே பேசுகின்றனர். நடுவர் இருக்கை காண்போர்க்கு உரியதாகின்றது. ஆயின், முடிந்த முடிபு அவர்க்குக் கிட்டுவதில்லை.

எஸ். பாலசந்தர் இயக்க, ஜாவர் சீதாராமன் எழுத, மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்த ‘அந்த நாள்’ வேறு நெறியினது. இரண்டாம் உலகப்போரின்போது, 1943இல் சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய நாளை ஒட்டி நிகழ்வது இதன் கதை. வானொலிப் பொறியாளன் ராஜன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கின்றான். சுட்டவர் உருவம் மறைக்கப்படுகின்றது. பின்னர் நிகழ்வன வீட்டினுள் நிகழும் உசாவல்கள். இருள் செறிந்த அறைகளும் சுவரிற் படியும் நிழல்களும் ஐயத்தை வளர்க்கின்றன. இப்படத்திற் பாடல் ஒன்றேனும் இல்லை. பாடலிடையே இளைப்பாறிப் பழகிய காண்போர், இங்கு முகத்தையும் நிழலையும் இடைவிடாது கூர்ந்து நோக்க வேண்டியவராயினர். வெளியான காலத்தில் இப்படம் பெருவரவேற்புப் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இவற்றினும் சிறந்ததொரு வேறுபாடு உண்டு. இப்படத்தில் வினவுவார் மறைந்திலர். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் திரையினுள்ளேயே நின்று வினவுகின்றார். ஆகவே, காண்போர் நடுவராகாது, அவ்வதிகாரியின் துணைவராய் உடன் செல்கின்றனர். நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் ராஜனே என்பதும், அவன் இறந்தது மனைவி உஷாவின் கையால் என்பதும் முடிவில் தெளிவாகின்றன. இங்கு இருள் என்பது உண்மையின் இயல்பன்று, நீக்கத்தக்க மறைப்பேயாம். கொலையுண்ட ஒருத்தியைப் பற்றிய ஐவர் கூற்றுகளைக் காவல் அதிகாரி கேட்டு உண்மை காணும் ஆந்தனி ஆஸ்குவித்தின் ஆங்கிலப் படமாகிய ‘தி உமன் இன் கொஸ்டியன்’ (1950) இவ்வமைப்பிற்கு நெருங்கியது.

எனவே, பலர் கூற்றாய்க் கதை நடத்தும் உத்தி ஒன்றையே கொண்டு ‘அந்த நாள்’ படத்தைத் ‘தமிழ் ராஷோமான்’ என்றல் பொருந்தாது என்பது நம் துணிபு. உண்மையை அறியவியலாது என்பதனை அப்படம் ஒளியால் உணர்த்திற்று. அறிந்தே ஆகவேண்டும் என்பதனை இப்படம் நிழலால் உணர்த்திற்று. தழுவல் ஆராயப் புகுவோர் கதையொப்புமையோடு காட்சிநடையையும் ஒருங்குவைத்து நோக்குதல் இன்றியமையாதது.